பழைய மியாட்டாவைப் புதுசு போல வைத்திருக்க: வாளியிலிருந்து பாலிஷர் வரை முழு வழிகாட்டி

என்னிடம் இருப்பது 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. வட அமெரிக்காவில் மியாட்டா என்று சொன்னால்தான் தெரியும். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதன்முதலாகக் காட்டினார்களே, அந்த முதல் தலைமுறை. இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் வினைல் கூரை, பட்டனைத் தட்டினால் தவளைக் கண் போல எழுந்து நிற்கும் ஹெட்லைட். நிறம் சிவப்பு. வீடு டொரான்டோவின் ஸ்கார்பரோவில், அதாவது வருடத்தில் ஐந்து மாதம் சாலையில் உப்பைக் கொட்டும் ஊரில்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாளியோடு நான் வெளியே வந்தால், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்: "என்ன தம்பி, கார் கழுவுறீரோ, பிள்ளையைக் குளிப்பாட்டுறீரோ?" இரண்டும் ஒன்றுதான் அண்ணே என்பேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். முப்பது வருடக் காரின் பெயின்ட் நிற்பதும் போவதும் அதைக் கழுவுகிற கையில் இருக்கிறது. பாலிஷ், வேக்ஸ், செராமிக் எல்லாம் அப்புறம்தான்.

கீழே இருப்பது என் மியாட்டாவை வைத்து எழுதியது. உங்களிடம் பழைய டொயோட்டா எம்ஆர்2, பழைய போர்ஷே 911, பழைய நிசான் இசட் எது இருந்தாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் பெயின்ட்டை விசாரியுங்கள்

கடையில் போய் பாட்டில்கள் வாங்குவதற்கு முன் உங்கள் காரின் மேல் என்ன பெயின்ட் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கும். 90களின் ஆரம்பம் வரை பல கார்களில், முக்கியமாக சிவப்பு, வெள்ளை போன்ற மெட்டாலிக் இல்லாத நிறங்களில், அந்த மேல் அடுக்கு கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். இதுதான் சிங்கிள் ஸ்டேஜ்.

கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைத் துணியில் ஒரு துளி பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் மெல்லத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் சிங்கிள் ஸ்டேஜ். அழுக்கு மட்டும் வந்தால் கிளியர் கோட். நான் முதல் தடவை தேய்த்தபோது துணி குங்குமச் சிமிழில் விழுந்தது போல ஆகிவிட்டது. பெயின்டே போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிட்டேன். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

அடுத்தது கனம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அடியில் போடும் பிரைமர் உட்பட மொத்தமே 100 முதல் 150 மைக்ரான் வரைதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, இரண்டு முடிக் கனத்துக்குள்தான் காரின் அழகு முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானைச் சுரண்டி எடுக்கும். உங்களுக்கு முன் வைத்திருந்தவர்கள் எத்தனை முறை சுரண்டினார்களோ.

பெயின்ட் கனம் அளக்கும் மானி ஒன்று வாங்கலாம், அல்லது இரவல் வாங்கலாம். மியாட்டாக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதன் பானெட் அலுமினியம், காந்தம் ஒட்டாது. இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மானி பானெட்டில் ஒன்றும் காட்டாது. அலுமினியத்தையும் அளப்பதைக் கேட்டு வாங்குங்கள். பம்பர் பிளாஸ்டிக், அதை இந்த வகை மானிகள் அளக்காது. எங்கேயாவது 300 மைக்ரானைத் தாண்டினால் அந்த இடம் பட்டறைக்குப் போய் மறுபடி பெயின்ட் அடித்தது, அடியில் பள்ளத்தை நிரப்பிய பட்டியும் இருக்கலாம். 80க்குக் கீழே காட்டினால் அங்கே பாலிஷரைக் கொண்டு போகவே வேண்டாம்.

கழுவுவது

நிழல் வேண்டும். பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் கழுவினால் சோப்பு காய்ந்து திட்டாகும். டொரான்டோ தண்ணீர் ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். ஓரளவு கடினத் தன்மை உண்டு, காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். அதற்குத் தனி வாளி, தனிப் பிரஷ், தனித் துணி. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும். அது பட்ட துணி பெயின்ட் பக்கமே வரக் கூடாது. மியாட்டாவின் 14 அங்குல அலாய் சின்னதுதான். ஆனால் ஏழு இலைகளுக்கும் நடுவே விரல் விட்டால்தான் அழுக்கு வரும்.

பிறகு குழாய்த் தண்ணீரால் மேலிருந்து கீழாக, தொடாமல் கழுவுங்கள். இந்த ஒரு நிமிடத்தில் போகும் மண்தான் பின்னால் கீறலாக மாறியிருக்கும் மண். அவசரப்படாதீர்கள்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு போட்டால் மண் கீழே தங்கிவிடும். கை நேர்கோட்டில் போகட்டும், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அழுத்தவும் வேண்டாம், கையுறையின் கனமே போதும். கூரை, பானெட், டிக்கி, கதவின் மேல் பாதி, கடைசியாகக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி. அந்தக் கடைசிப் பகுதிக்கு நான் பழைய கையுறை வைத்திருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தது அது. நீங்கள் போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கார் வாஷுக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். கார் வாங்கிய புதிதில் சோம்பலில் ஒரே ஒரு நாள் போனேன். எனக்கு முன்னால் போனது ஏதோ கட்டிட வேலை செய்யும் பிக்கப். அதன் சேறெல்லாம் அந்தப் பிரஷில் இருந்திருக்க வேண்டும். அன்று மாலை பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் பார்த்தால், பானெட் முழுக்கச் சிலந்திவலை. ஸ்வர்ல் என்று சொல்வார்களே, அது. அதை எடுக்க இரண்டு முழு நாள் போனது.

அலசும்போது கடைசியாகக் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைப் பாய் விரித்தது போல மெதுவாக ஓடவிடுங்கள். பெரும்பாலான துளிகள் தானே வழிந்துவிடும். மிச்சத்துக்குத் தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்கலாம். மியாட்டாவில் ஹெட்லைட்டை மட்டும் தூக்கும் தனி பட்டன் உண்டு. அதைத் தட்டி மூடியின் அடியில் தேங்கிய தண்ணீரையும் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓட்டத் தொடங்கியதும் கோடாக வழியும்.

துண்டு தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டுத் திரும்ப எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் காரையும் பார்த்திருக்கிறேன். துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், பருத்தித் துணியோடும் போடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

கழுவிக் காய்ந்த பெயின்ட்டின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். ரவை கொட்டியது போல நறநறவென்று இருந்தால், பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் வந்த இரும்புத் துகளும் மரப்பிசினும் தாரும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக வழியும். பார்க்க அழகு, மூக்குக்கு அழுகிய முட்டை. காய விடாமல் அலசுங்கள். தாருக்குத் தார் நீக்கி. அதன் பிறகு கிளே பார். களிமண் போன்ற அந்தக் கட்டியைத் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, விரல் நுனியால் நகர்த்த வேண்டும். அழுக்கு தெரிந்ததும் மடித்துப் புது முகத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள், இதில் கஞ்சத்தனம் கூடாது. கிளேயும் நுண்ணிய கீறலைப் போடத்தான் செய்யும், அதனால் வருடத்தில் ஒரு தடவை போதும். நான் மே மாதம் செய்வேன்.

பாலிஷ்: குறைவாக, பொறுமையாக

சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தால் உடனே பாலிஷருக்குத் தாவாதீர்கள். முதலில் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் ஒன்றைக் கனமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் துடைத்தெடுங்கள். மெகையர்ஸ் நம்பர் 7 இதற்குப் பழைய ஆட்கள் எல்லாம் சொல்வது. இரண்டு மூன்று தடவை செய்தால் செத்துப்போன நிறம் உள்ளிருந்து எழுந்து வரும். தலைக்கு எண்ணெய் வைத்தது போல என்று சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியும்.

இயந்திரம் என்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்குங்கள். சுழன்றுகொண்டே ஆடும், சூடு ஓர் இடத்தில் குவியாது. ரோட்டரி பாலிஷர் வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் பெயின்ட்டையும் எரிக்கும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

1. விளிம்பு, முகடு, ரப்பர், பேட்ஜ் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியது.
2. டிக்கியில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே மென்மையான பேட் (பாலிஷரின் முனையில் மாட்டும் பஞ்சு), மென்மையான பாலிஷ். அதிலேயே முக்கால்வாசி கீறல் போனால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் ஒரு படி மேலே.
3. பேடில் நான்கைந்து துளி. குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நடு வேகத்துக்குக் கூட்டி, ஒரு கோட்டின் பாதி மேல் அடுத்த கோடு விழும்படி மெதுவாக நகர்த்துங்கள். நான்கு சுற்று.
4. துடைத்துவிட்டு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.
5. சிங்கிள் ஸ்டேஜ் என்றால் பேட் சீக்கிரம் நிறமேறி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பகுதிக்கும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.

முதல் வரியில் சொன்ன டேப்பை நான் ஒருமுறை ஒட்டவில்லை. இடது ஹெட்லைட் மூடி. கை அகலம்கூட இல்லாத இடம், இதற்கென்ன டேப் என்று நினைத்தேன். சிவப்புக்கு நடுவே முன் விளிம்பில் சாம்பல் நிறமாய் ஒரு கீற்று தெரிந்தது. தூசி என்று விரலால் துடைத்தேன். போகவில்லை. அது பிரைமர். அந்த மூடிக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்தோம். மதிய வெயிலில் பார்த்தால் வலது மூடிக்கும் அதற்கும் ஒரு மயிரிழை நிற வித்தியாசம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் தெரியவில்லை என்கிறார்கள், ஆறுதலுக்குச் சொல்கிறார்களோ என்னவோ.

கீறல் நூறு சதவீதம் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நகம் தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது, துரத்தினால் பெயின்ட்தான் தீரும். நன்றாகக் கழுவுகிற காருக்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு பாலிஷ் தாராளம்.

மேலே ஒரு காப்பு

பாலிஷ் போட்ட பெயின்ட்டை அப்படியே விடக் கூடாது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னௌபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு சிவப்புக்கு ஆழமான ஒரு மினுக்கம் தரும், இரண்டு மாதம் தாங்கும். செயற்கை சீலன்ட் ஆறு மாதம் போலத் தாங்கும், மினுக்கம் கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். நான் மே மாதம் சீலன்ட், அதன் மேல் கோடை முழுக்க ஆசைப்படும்போது கார்னௌபா. மெல்லிய பூச்சு போதும். கனமாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும்.

செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பூசிக் கெட்டியாக விடும் திரவப் பூச்சு, கிளியர் கோட் உள்ள காருக்கு நல்லது, கழுவுவது சுலபமாகும். ஆனால் அது கல்லடியைத் தடுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கல்லைத் தடுப்பது பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்தான். அதையும் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்தில் ஒட்டினால், உரிக்கும்போது பெயின்ட்டையும் கொண்டு போகலாம்.

பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானே ஊறி வந்துவிடும். அன்றைக்கே செய்ய வேண்டும்.

கல்லடிப் புள்ளிகளுக்கு டச்-அப் பெயின்ட் வாங்க, காரில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ நிறக் குறியீட்டைப் பாருங்கள். மூடியோடு வரும் பிரஷ் வேண்டாம், பல்குத்தும் குச்சியின் நுனியால் புள்ளி வையுங்கள். மூன்று நான்கு நாள் இடைவெளியில் மெல்லிய அடுக்குகள். இரும்பு தெரியும் புள்ளியைத் தள்ளிப் போடக் கூடாது, அது துருவின் வாசல்.

கூரை, பின் ஜன்னல், அந்த இரண்டு ஓட்டைகள்

பாலிஷைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முதல் தலைமுறை மியாட்டாவைக் கொல்வது இங்கேதான்.

வினைல் கூரைக்கு மென்மையான பிரஷும் வினைல் கிளீனரும் போதும், பிரஷர் வாஷர் தையலைப் பிரித்துவிடும். ஈரம் முழுக்கக் காயும் வரை மடிக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திரவத்தை மாதம் ஒருமுறை தடவலாம்.

பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, மெல்லிய பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் மடிந்து வெண்கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும். குளிரில் விறைத்திருக்கும்போது தொடவே கூடாது. மங்கினால் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பாலிஷைக் கையால் தேயுங்கள். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் படவே கூடாது.

கூரையில் விழும் மழை பின்னால் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னே சீட் பெல்ட் கோபுரங்களின் அருகில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஓட்டைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். இலைத் தூளும் பைன் ஊசியும் அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் கம்பளத்துக்கும் சில் பகுதிக்கும் போகும். சில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பொங்குவதை நீங்கள் பார்க்கும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

சோதிப்பது எளிது. ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஓட்டையில் ஊற்றுங்கள். சில விநாடிகளில் கீழே கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் வளையும் நைலான் கம்பியை, புல் வெட்டும் இயந்திரத்தில் போடுவார்களே அது, மெதுவாக விட்டுச் சுற்றுங்கள். குத்தித் தள்ளினால் அடியிலிருக்கும் குழாய் கழன்றுவிடும். நான் முதல்முறை விட்டபோது கறுப்புக் கூழாக ஒரு பிடி வந்தது. நாற்றம் நம் ஊர்ச் சாக்கடையை ஞாபகப்படுத்தியது. இதை வசந்தத்தில் ஒருமுறை, இலை உதிர்ந்து முடிந்ததும் ஒருமுறை செய்யுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உள்ளே, பானெட்டுக்குக் கீழே, டிக்கியில்

உள்ளே அதிக வேலை இல்லை. வேக்குவம், ஈரத் துணி, டேஷ்போர்டுக்கு மினுக்காத வகைப் பூச்சு. எண்ணெய் வழிவது போல மினுக்கும் பூச்சு விண்ட்ஷீல்டில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். தோல் இருக்கை என்றால் கிளீனரைப் பிரஷில் தெளித்து மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். ரப்பர் பட்டைகளுக்கு வருடத்தில் இருமுறை சிலிகான் கிரீஸ். டயர் பூச்சு தண்ணீர் கலந்த வகையாக இருக்கட்டும், தரையைத் தொடும் பக்கத்தில் படக் கூடாது.

இன்ஜினில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். இதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில் பேக் இன்ஜினின் பின்பக்கம், இன்ஜினுக்கும் காரின் உள்பகுதிக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது. அங்கே ஈரம் புகுந்தால் வண்டி இருமும். இளஞ்சூட்டில் பிசுக்கு எடுக்கும் டிகிரீசரைப் பிரஷில் எடுத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். துடைக்கும்போது அதே பின்பக்கத்தில் கேம் சென்சார் அடியில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். அங்கிருக்கும் சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங், கெட்டுப்போவது இந்த வண்டியின் பழைய வியாதி.

பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. வாயு வெளியேறும் குழாயை மாட்டாமல் சாதாரண பேட்டரியை வைத்தால் அமில ஆவி டிக்கித் தரையைத் தின்றுவிடும். கம்பளத்தைத் தூக்கி வருடம் ஒருமுறை பாருங்கள்.

குளிர்காலம்

நவம்பரில் முதல் உப்பு லாரி வருவதற்குள் என் மியாட்டா கராஜுக்குப் போய்விடும். உப்பில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இலையுதிர் காலத்தில் அடிப்பாகத்துக்கும் சில் உள்ளேயும் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள். ஒன்டாரியோவில் இது வருடாவருடம் செய்யும் சடங்கு. குளிர் உறைநிலைக்கு மேலே வரும் நாளில் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள்.

நிறுத்தி வைப்பதென்றால் முழுசாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சீலன்ட் போட்டுவிட்டு நிறுத்துங்கள். கூரை மூடியே இருக்கட்டும். மூச்சு விடும் துணி உறைதான் வேண்டும், பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையைத் தூசியுள்ள காரின் மேல் இழுத்தால் அது சாண்ட் பேப்பர். டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் மாட்டுங்கள்.

எலிக்கு, புகைக்குழாயின் முனையிலும் காற்று வடிகட்டிக்குப் போகும் வாயிலும் ஸ்டீல் உல் (இரும்புப் பஞ்சு) உருண்டை அடைத்து வைப்பேன். அடைத்த கையோடு ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு டேப் ஒட்டி எழுதிவைக்கிறேன்: "இரண்டு உருண்டை. எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பு." ஒரு ஏப்ரலில் ஒன்றைத்தான் எடுத்திருந்தேன்.